திறந்து வைத்த மூடி

லென்ஸ் அண்ணனிடம் தான் செய்த ராணுவ டாங்க் மாடலைக் காட்டிவிட்டு மூக்கு உடைபடாமல் வீடு திரும்பியவர் அந்த வட்டாரத்தில் யாரும் கிடையாது. அண்ணன் பிழைப்புக்குப் பல்செட் செய்கிறவர். பகலெல்லாம் ஊரார் வாய்க்குப் பல் கட்டிக் கொடுப்பார். வேலை முடிந்ததும் நெற்றியில் மாட்டிய அதே லென்ஸைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டு, அதே குட்டி அரத்தையும் உப்புத்தாளையும் வைத்து பிளாஸ்டிக் டாங்க் செய்வார். இன்றைய பட்டாளங்கள் ஓட்டுகிற நிஜ டாங்கை முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கி, வெல்டிங் தழும்பு முதல் சக்கரத்துச் சேறு வரை அச்சு அசலாகச் செய்வார். செய்வதாவது பரவாயில்லை, அடுத்தவர் செய்ததைப் பார்ப்பதுதான் கொடுமை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்.

ஞாயிறு பிற்பகல்களில் சைக்கிள் கடை மாடியில் இந்தப் பைத்தியம் பிடித்த ஏழு பேர் கூடுவார்கள். மேஜை நடுவில் ஒரு மாடலை வைத்து, சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு குறை சொல்ல வேண்டும். "நல்லா இருக்கு" என்று யாரும் சொல்லக்கூடாது. வாய் தவறிச் சொல்லிவிட்டால் எழுந்து போய் எல்லாருக்கும் டீ போட வேண்டும். விதியைப் போட்டவர் லென்ஸ் அண்ணன்தான். அவர் ஒருநாளும் டீ போட்டதில்லை.

"இவ்வளவு துரு பிடிச்சதை எந்தப் பட்டாளத்துக்காரன்மா ஓட்டுவான்? பழைய இரும்புக்காரன்தான் ஓட்டுவான்" என்று தையல்கார அக்காவிடம் சொல்வார். அக்கா முகம் சுருங்கும். அடுத்த மாதம் அவர் கொண்டுவரும் டாங்கில் துரு அளவாக இருக்கும். அதனால்தான் திட்டு வாங்கியும் எல்லாரும் திரும்பத் திரும்ப வந்தார்கள்.

ஒருமுறை எலக்ட்ரீஷியன் கொண்டுவந்த மாடலில் டிரைவர் ஏறி இறங்கும் வழியின் மூடி திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு பொம்மை டிரைவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். டாங்கின் மேல்பாகத்துக்கு டரட் என்று பெயர். பீரங்கிக் குழலோடு சேர்ந்து நாலா பக்கமும் சுற்றும். டிரைவர் அதற்குக் கீழே, முன்பக்கம், தனியாக உட்கார்ந்திருப்பான். இந்த வகை டாங்கில் குழல் கொஞ்சம் இடப்பக்கம் திரும்பித் தாழ்ந்து நின்றால், அவன் தலைக்கு மேலிருக்கும் மூடியை அது மறித்துவிடும்.

லென்ஸ் அண்ணன் பென்சிலால் குழலைத் தட்டினார். "இதை இங்க நிறுத்திட்டு மூடியை எப்படிப்பா திறந்தே? தீப்பிடிச்சா உன் டிரைவர் உள்ளயே வேக வேண்டியதுதான்."

மாடியே சிரித்தது. அப்பாவைக் கூட்டிப்போக வந்து வாசலில் நின்றிருந்த லென்ஸ் அண்ணனின் ஒரே மகனும் சிரித்தான்.

அந்த மகன் பிறகு பட்டாளத்தில் சேர்ந்து டாங்க் டிரைவர் ஆனான். "வீடு முழுக்க இதையே அடுக்கி வச்சா பிள்ளை வேற எங்க போவான்?" என்று மனைவி கேட்டாள். அவருக்கு உள்ளூரப் பெருமைதான். லீவில் வந்த பையன் அலமாரி முன்னால் நின்று, "அப்பா, உங்க தூசி தப்பு. முகத்துக்குப் பவுடர் போட்ட மாதிரி இருக்கு. அங்க இருக்கிற தூசி கொஞ்சம் சிவப்பு, எண்ணெய்ல ஊறி ஒட்டிக்கும்" என்றான். லென்ஸ் அண்ணனிடம் ஒருவன் குறை கண்டுபிடித்துவிட்டான்! அவர் அந்தச் செய்தியை மாடியில் எல்லாரிடமும் தானே சொல்லித் தீர்த்தார். அலமாரியிலிருந்த அத்தனை டாங்குக்கும் மறுபடி தூசி பூசினார்.

எல்லையில் சண்டை மூண்ட இரண்டாவது வாரம், பையனுடைய டாங்க் அடிபட்டுத் தீப்பிடித்தது. மேலே டரட்டில் இருந்த இருவர் குதித்துத் தப்பினார்கள். பையன் தப்பவில்லை. வீட்டுக்கு வந்த அதிகாரி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒரு நொடியில முடிஞ்சிருச்சும்மா, தம்பிக்கு எதுவும் தெரிஞ்சிருக்காது" என்றார். மனைவி அந்த ஒரு நொடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள்.

மறுநாள் பேப்பரில் எரிந்த டாங்கின் போட்டோ வந்தது. வீட்டில் அன்று பேப்பரைக் காணவில்லை. அவர் தெருமுனைக் கடையில் பார்த்தார். பார்த்தவர்கள் கண்ணுக்குப் புகையும் கரியும்தான் தெரிந்திருக்கும். பாழாய்ப்போன அவர் கண்ணுக்கு எது தெரியக்கூடாதோ அதுதான் முதலில் தெரிந்தது. குழல் கொஞ்சம் இடப்பக்கம் திரும்பித் தாழ்ந்து நின்றது. அதன் அடியில் மூடி சாத்தியிருந்தது. ஒரு நொடியில் முடிந்திருந்தால் மற்ற இருவருக்குக் குதிக்க நேரம் ஏது? அவர் பேப்பரை வாங்கிக்கொண்டு போய், வேலை செய்யும் இடத்தில் பல் அச்சு எடுக்கும் மாவு மூட்டைக்கு அடியில் ஒளித்து வைத்தார். மனைவி கண்ணில் படாதவரை அந்த ஒரு நொடியாவது அவளுக்கு மிஞ்சும் என்று நினைத்தார்.

பிறகு அந்த டாங்கையே செய்ய உட்கார்ந்தார். ஏன் என்று அவரைக் கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியாது. எரிவதற்கு முந்தைய டாங்க். பையன் சொன்ன சிவப்புத் தூசியை எண்ணெயில் குழைத்துப் பூசினார். மாடலில் டரட்டை ஒட்டமாட்டார்கள், விரலால் தள்ளினால் சுற்றும். ஆனாலும் குழலைப் போட்டோவில் நின்ற இடத்திலேயே நிறுத்தினார். பொய்யாக ஒரு இடத்தில் நிறுத்த அவர் கை வளையவில்லை. மூடியிடம் வந்தபோதுதான் தடுமாறினார். சாத்தி ஒட்டவும் முடியவில்லை, திறந்து ஒட்டவும் மனம் வரவில்லை. ஒரு வருடம் அந்த மூடி மேஜையில் தனியாகவே கிடந்தது. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் திறந்த நிலையில் ஒட்டினார். அவர் வாழ்க்கையில் தெரிந்தே செய்த ஒரே தப்பு அது.

அந்த ஞாயிறு அதை மாடிக்குக் கொண்டுபோனார். இத்தனை கண்களில் ஒன்றாவது நிஜமாகவே ஏமாந்துவிட்டால், அந்த மூடி திறந்திருக்கவும் கூடும் என்று தானும் நம்பிக்கொள்ளலாம் அல்லவா? பைத்தியக்கார ஆசைதான்.

தையல்கார அக்கா ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லா இருக்கு அண்ணே" என்று சொல்லிவிட்டு எழுந்து டீ போடப் போனார். அடுத்து போஸ்ட்மேன். "நல்லா இருக்கு." அவரும் எழுந்து போனார். அதற்கு அடுத்திருந்த மூவரும் அப்படியே. கொஞ்ச நேரத்தில் ஒரே கெட்டிலைச் சுற்றி ஐந்து பேர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் ஏமாறவில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"எனக்கு எதுக்குப் பூசி மெழுகுறீங்க?" என்று கத்தினார். "குறை சொல்லத்தானே வந்தோம்? யாருக்குமே கண்ணு தெரியலையா?"

மேஜையில் எலக்ட்ரீஷியன் மட்டும் மிச்சம். தரையைப் பார்த்தபடி, "குழல் அங்க நின்னா மூடி திறக்காது அண்ணே" என்றான். "நீங்க சொல்லிக் கொடுத்ததுதான்."

"சரியாச் சொன்னே" என்றார். "அன்னைக்கு நான் சிரிச்சேன்ல?"

லென்ஸ் அண்ணன் லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, எல்லார் முன்னாலும் அழுதார். யாரும் பக்கத்தில் வரத் துணியவில்லை. போட்ட டீயை யாரும் குடிக்கவுமில்லை.

பெட்டியை அணைத்துப் பிடித்தபடி வீட்டுக்கு நடந்தார். கதவைத் திறந்த மனைவி அவர் கண்ணைப் பார்த்தாள். பையன் போனதிலிருந்து அவள் மாடல் பக்கமே திரும்பியதில்லை. அன்றைக்கு, "அவனோட வண்டிதானே? திறங்க, பார்க்கிறேன்" என்றாள்.

பயந்துகொண்டே பெட்டியைத் திறந்தார். சாப்பாட்டு மேஜையில் எடுத்து வைத்தார். அவள் குனிந்து, திறந்திருந்த மூடிக்குள் பார்த்தாள். பிறகு ஆட்காட்டி விரலைக் குழலின் ஓரத்தில் வைத்து, மெல்ல வலப்பக்கம் தள்ளினாள். டரட் நகர்ந்தது. குழல் மூடியை விட்டு விலகி நின்றது.

"மூடி திறக்கணும்னா குழல் இங்க நிக்கணுங்க" என்றாள். "லீவுல வந்தப்ப சொன்னான். அப்பா பண்ற வம்பைக் கேளும்மான்னு சிரிச்சுக்கிட்டே சொன்னான்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "அப்ப அந்த போட்டோ…"

"பார்த்தேன். உங்க கண்ணுல படக்கூடாதுன்னு நம்ம வீட்டுப் பேப்பரை நான்தான் கிழிச்சுப் போட்டேன்."

"ஒரு நொடின்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டே இருந்தியே?"

"உங்க காதுல விழட்டும்னுதான் சொன்னேன்."

அவள் குழலிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"இதை உள்ளேயிருந்து அவனே திருப்ப முடியாதா?" என்று கேட்டாள்.

"முடியாது. மேல இருக்கிறவங்கதான் திருப்பணும்."

"அவங்க குதிச்சிட்டாங்க."

"ஆமாம்."

அவள் குழல் முன்பு நின்ற இடத்தையும் இப்போது நின்ற இடத்தையும் பார்த்தாள். நடுவில் ஒரு விரல் அகலம்தான் இருந்தது. "நிஜத்துல இது எவ்வளவு இருக்கும்?"

இத்தனை வருடப் பழக்கம், மனம் தானாகவே முப்பத்தைந்தால் பெருக்கிவிட்டது. "ஒரு முழம்."

அவள் தன் கையை மேஜைமேல் நீட்டி வைத்தாள். முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் மெதுவாகப் பார்த்தாள்.

"என் கையளவுதான்" என்றாள்.