துண்டை ஆட்டச் சொன்ன காமாக்காரர்

காட்டுப்பள்ளிப் பக்கம் குழாய் பதிக்கும் வேலையில் கொஞ்ச நாள் இருந்தேன். வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று கதிர் விட்டுப் படம் எடுக்க ஒருவர் வருவார். பேர் தெரியாது, எல்லோருக்கும் அவர் காமாக்காரர். ஒல்லி உடம்பு, தூக்கம் கெட்ட கண்கள். படம் எடுக்க வேண்டிய இணைப்பின் மேல் சாக்பீஸால் 'γ' என்று எழுதுவார். எனக்கு அது வாலைத் தூக்கிய மீன். ஆள் வராமல் சுற்றிலும் கயிறு கட்டிய பிறகும், ஒவ்வொரு குழாய்க்குப் பின்னாலும் குனிந்து பார்ப்பார்.

ஒரு மதியம், நிழலாக இருந்ததால் அந்த மீனுக்கடியிலேயே தூங்கிவிட்டேன். காமாக்காரர் உலுக்கி எழுப்பினார்.

"யோவ், இன்னாயா இங்க படுத்துக்கினு கீற? மேல எழுதிக்கிறது தெர்ல?"

"மீனுன்னு நெனச்சேண்ணே."

"மீனா? அது காமா, கிரேக்க எழுத்து. இந்தக் கதிருக்கு அதான் பேரு. கண்ணுக்குத் தெரியாது. பட்டா அப்ப வலிக்காது, அப்பால தோலு வெந்து பூடும்."

"கதிர உட்டுட்டியாண்ணே?"

"இல்ல. குனிஞ்சி பாக்கலன்னா உட்டிருப்பேன். கயித்துக்கு அந்தாண்ட போய் துண்ட ஆட்டு. உன்னப் பாத்தாத்தான் உடுவேன்."

ஆட்டினேன். போதும் என்று அவர் சொல்லவேயில்லை.

இப்போதும் எந்த ஊர்க் குழாயில் அந்த எழுத்தைக் கண்டாலும், தள்ளிப் போய்த் துண்டை ஒருமுறை ஆட்டிவிடுகிறேன். யார் பார்க்கிறார்கள் என்று தெரியாது.