தொலைந்துபோன வயர்

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் காலையிலிருந்து நின்றே வேலை பார்த்ததில் சின்னவளுக்குக் குதிகால் விண்விண்ணென்று தெறித்தது. வீட்டுக்குக் கடைக்குட்டி என்பதால் நாற்பதை நெருங்கியும் அவள் சின்னவள்தான். அவள் டீயைக் கையில் எடுக்கவும், அக்காவின் கணவர் தன் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

கட்டப்போகும் வீடுகளைப் படமாக ஓடவிட்டுக் காட்டுவது அவர் தொழில். அன்று சாயங்காலத்துக்குள் ஒரு படம் கொடுத்தாக வேண்டும். தவறினால் அந்த பில்டர் இனி அவர் பக்கமே திரும்ப மாட்டார். புது கிராபிக்ஸ் கார்டு போட்டதிலிருந்து பாதி வேலையில் மெஷின் அணைந்துவிடுகிறது.

மூடியைக் கழற்றியதும் கருகல் வாடை. கார்டுக்குக் கரண்ட் போக இரண்டு வயர் வேண்டும். மெஷினுக்குக் கரண்ட் பிரித்துத் தரும் பவர் சப்ளைப் பெட்டியோடு வந்த இரண்டில் ஒன்று வீடு மாறியபோது தொலைந்துவிட்டது. அதற்குப் பதிலாக, ஹார்ட் டிஸ்க் வயரில் மாட்டும் அடாப்டர் ஒன்றை வாங்கிச் செருகியிருந்தார். அதன் முனை பழுப்பேறி இளகியிருந்தது.

"மாமா, இது டிஸ்க்குக்குப் போட்ட வயர். இந்தக் கார்டு இழுக்கிற இழுப்பை இது தாங்குமா? வீடு பத்திக்கலையேன்னு சந்தோஷப்படுங்க."

"திட்டறதை நாளைக்கு வெச்சுக்கம்மா. உங்க அக்காகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டுதான் வரேன்."

டிராயரில் வேறொரு கம்பெனி வயர் கிடந்தது. மாமாவே அதை எடுத்துச் செருகிப் பார்த்தார். "கச்சிதமா பொருந்துதே."

"யார் செருப்பு வேணும்னாலும் உங்க காலுக்குப் பொருந்தும். மாட்டிட்டு வந்துடுவீங்களா? வெளியே எல்லாம் ஒரே அச்சு. உள்ளே எந்தக் கம்பி எந்தத் துளைக்குங்கிறது கம்பெனிக்குக் கம்பெனி வேற. மாறிப்போனா கார்டு கதை அதோட முடிஞ்சுது. உருவுங்க."

சொல்லிவிட்டாளே தவிர, அடுத்துச் செய்ய வேண்டியதை நினைத்தாலே அலுப்பாக இருந்தது. விற்பதற்குக் கடையில் பவர் சப்ளை இல்லை. மற்ற மெஷின்களைச் சோதிக்க அவள் மேஜையோடு திருகி வைத்திருந்த ஒன்றுதான், தன் சொந்த வயர்களோடு முழுசாக இருந்தது. அதைக் கொடுத்துவிட்டால் இன்றைக்கு வேறு எந்த மெஷினிலும் கை வைக்க முடியாது.

கழற்றினாள்.

அதை மாமாவின் மெஷினுக்குள் பொருத்தி, ஒரே வயரைக் கிளை பிரிக்காமல், இரண்டு வயரையும் கார்டுக்குத் தனித்தனியாக இழுத்து, 'டிக்' என்று கேட்கும்வரை அழுத்தினாள். பிளக்கின் கழுத்தில் வளைவு விழாதபடி தளர்த்திவிட்டாள். படம் ஓடத் தொடங்கியதும் வயரைத் தொட்டுக்கொண்டே நின்றாள். லேசான வெதுவெதுப்பு, அவ்வளவுதான். அதற்கு அப்புறமும் நெடுநேரம் அவள் கையை எடுக்கவில்லை.

வெயில் தாழ்வதற்குள் மாமா படத்தை அனுப்பிவிட்டார். மேஜையில் திறந்தபடி கிடந்த இன்னொரு மெஷினைப் பார்த்துக்கொண்டே, அதை ரிப்பேருக்குக் கொடுத்திருந்த டீச்சருக்கு அவள் போன் செய்தாள்.

"இன்னிக்கு முடியலைங்க. நாளைக்கு முதல் வேலையா முடிச்சுடறேன்."

மறுமுனை பேசிக்கொண்டே போனது. சின்னவள் ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஆமாங்க, இன்னிக்குத் தரேன்னு சொன்னது நான்தான்" என்றாள்.