காற்றடிக்காத நாளில் சோறு வேகுமா?

கத்தரிக்காய் விற்பவர் கத்தரிக்காயை எடுத்துக் காட்டலாம். மின்சாரம் விற்பவருக்குக் காட்ட ஒன்றுமில்லை, வாய்தான் கைமுதல். வீடு வீடாக மணி அடித்து எதையாவது விற்றுப் பார்த்தவர்களே, என் பாடு உங்களுக்கு விளங்கும்.

இரண்டாயிரங்களின் நடுவில், ஜெர்மனியில் பீலெஃபெல்டுக்குப் பக்கத்தில் மூன்று சிறு நகரசபைகள் கூட்டுச் சேர்ந்து, காற்றாலையிலும் வெயிலிலும் எடுத்த மின்சாரத்தைத் தங்கள் ஊர்ச் சனத்துக்குக் கொடுக்கத் தொடங்கின. தமிழ்க் குடும்பங்களிடம் பேச என்னை ஆறு மாதத் தவணையில் எடுத்தார்கள். ஐம்பது தமிழ் வீடுகள் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் பழையபடி பேக்கரித் தொழிற்சாலையில் தட்டுத் துடைக்கப் போகவேண்டும். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை, பயமாகத்தான் இருந்தது.

காற்றில்லாத ஞாயிறு

முதலில் கையெழுத்துப் போட்டவர் செல்வம் அண்ணை. அவருக்கு நான் ஒரு காற்றாலையின் படத்தைக் காட்டியிருந்தேன். அதுதான் நான் விட்ட பிழை. அடுத்த ஞாயிறு பதினொரு மணிக்கு, பல்கனியில் நின்றபடி எனக்குத் தொலைபேசி எடுத்தார். "தம்பி, இஞ்சை ஒரு இலையும் அசையேல்லை. அரிசியைப் போடட்டோ, காத்து வருமட்டும் பாக்கட்டோ?"

இங்கே காற்று இல்லாவிட்டால் வடக்கே கடற்கரையில் அடிக்கும், எல்லா மின்சாரமும் ஒரே கம்பியில்தான் வருகிறது, சோறு கட்டாயம் வேகும் என்று அரை மணி நேரம் விளங்கப்படுத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "ஓம் ஓம், விளங்குது. எண்டாலும் ஒரு காஸ் அடுப்பு வாங்கி வைக்கிறன்."

எந்த ஊர் ராகு?

தவமணி அக்கா சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. அவர் கையெழுத்துப் போட்டால் பத்துப் பெற்றோர் பின்னால் வருவார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்கு, ஜெர்மன் சக ஊழியை ஹைக்கேயையும் கூட்டிக்கொண்டு போய் விண்ணப்பத்தை நீட்டினேன். அக்கா பேனையைத் தள்ளி வைத்தார். சுவர்க் கலண்டரின்படி ராகுகாலமாம். நாலரை வரை இருக்கிறோம் என்றேன்.

அப்போதுதான் அவருடைய கணவர் வாயைத் திறந்தார். "கலண்டர் யாழ்ப்பாணத்திலை அடிச்சது. அங்கை இப்ப பொழுதுபட்டிட்டுது. அங்கத்தை ராகு எப்பவோ முடிஞ்சுது." அப்படியென்றால் எந்த ஊர் ராகுவைப் பார்ப்பது? இருவரும் வாதாடி, எதற்கும் இரண்டையும் தவிர்ப்போம் என்று முடிவெடுத்தார்கள். ஐந்து மணிக்குக் கையெழுத்து விழுந்தது. ஹைக்கே எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். மறுநாள் அலுவலகத்தில் சத்தமாக அறிவித்தாள்: "செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரை வரை தமிழர் வீட்டுக்குப் போக யாரும் நேரம் குறித்துத் தேர்மின் போடாதீர்கள். அது ஒரு பாம்பின் நேரம். எந்தப் பாம்பு என்று என்னிடம் கேட்காதீர்கள்."

மூன்று பேர் வீடு

மூன்று பேர் இருக்கிற ஒரு வீட்டின் மீட்டர் உணவகத்து மீட்டர்போல ஓடியது. களவாகக் கடை நடத்துகிறார்களோ என்று என் மேலாளருக்குச் சந்தேகம். என்னையும் இழுத்துக்கொண்டு நேரிலேயே போனார். கதவைத் திறந்தால் நாலு அடுப்பிலும் எண்ணெய் கொதிக்கிறது, கட்டிலில் பேப்பர் விரித்து முறுக்கு மலை. மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு. மூன்று கிழமையாகப் பலகாரச் சூடு நடக்கிறது.

"இவ்வளவும் யார் சாப்பிட?" என்று கேட்டார் மேலாளர். "கிட்டத்துச் சொந்தம் மட்டும்தான், முந்நூறு பேர்" என்றார் வீட்டுக்கார அம்மா, அவர் கையில் ஒரு தட்டைத் திணித்தபடி. விசாரணை அதோடு நின்றது. ஐந்தாவது முறுக்கைக் கடித்தபடி வெளியே வந்த மேலாளர் சொன்னார்: "வீடுதான், சந்தேகமில்லை. ஆனால் இவர்களுக்கென்று தனியாக ஒரு காற்றாலை கட்டவேண்டும்."

ஐம்பதாவது வீடு

தவணை முடிய ஒரு நாள் இருக்கையில் நாற்பத்தொன்பதில் நின்றேன். மேலாளர் பட்டியலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உன் வீடு எங்கே?" என்றார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு நான் குடிவந்தது மனைவி வசந்தியின் வீடு. மின்சார ஒப்பந்தம் அவள் பெயரில், பழைய நிலக்கரி மின்சாரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

ஓடிப்போய் விண்ணப்பத்தை அவள் முன்னால் வைத்து, கையெழுத்துப் போடு என்றேன். அவள் போடவில்லை. "ஆறு மாசமா ஊருக்கெல்லாம் விளங்கப்படுத்துறியள். நான் கேட்டால் களைப்பு எண்டு படுக்கிறியள். அண்ணைமாருக்குச் சொன்ன மாதிரியே எனக்கும் முதலிலையிருந்து சொல்லுங்கோ." வெட்கமாக இருந்தது. தேத்தண்ணி ஊற்றி வைத்துக்கொண்டு, கம்பி, காற்று, மூன்று நகரசபை என்று எல்லாவற்றையும் சொன்னேன். வேறு எவரும் கேட்காத கேள்விகளை அவள் கேட்டாள். கடைசியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனையை மூடியபடி சொன்னாள்: "நீங்கள் இவ்வளவு வடிவாக் கதைப்பியள் எண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்."

வேலை நிரந்தரமாகிவிட்டது, வீட்டுக்கு வந்ததும் களைப்பு என்று சொல்கிற உரிமைதான் அன்றோடு போய்விட்டது.