ஒரே வீட்டில் மூன்று சம்பளம்

அந்தப் பகுதியில் அவளை எல்லோரும் மீட்டர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மின்சார அலுவலகத்தில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கிற வேலை. இருபத்திரண்டு வருஷம். எந்த வீட்டு மீட்டர் மாடிப்படிக்கு அடியில் ஒளிந்திருக்கிறது, எங்கே செருப்பு அடுக்கை நகர்த்தினால்தான் எண் தெரியும், எந்த நாய் குரைப்பதோடு சரி என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

கட்டணம் ஏறிய வருஷம் எல்லாம் மாறிப்போயிற்று. உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தவர்களே கதவைப் பாதி திறந்து, "வந்துட்டியா? இந்தத் தடவை எவ்வளவு ஏத்தப்போற?" என்று கேட்டார்கள்.

"நான் எங்கேம்மா ஏத்துறேன்? ஓடுனத எழுதுறேன், அவ்வளவுதான்" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். சிரிப்புக்கு யாரும் மசியவில்லை.

வீட்டில் மூன்று பேர். கணவர் போலீஸ் ஏட்டு. ஒரே மகள் பெரியாஸ்பத்திரியில் ஒப்பந்த நர்ஸ். இருபத்தெட்டு வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். மூன்று சம்பளமும் ஒரே கஜானாவிலிருந்து வந்தது. "அரசாங்கமே நம்ம வீட்டுலதான் நடக்குது, நாம இல்லேன்னா நாடு படுத்துரும்" என்பார் ஏட்டு. தன் காக்கியை இஸ்திரி போடும்போது மகளின் வெள்ளை உடுப்பையும் அவரே போடுவார். மடிப்பு விஷயத்தில் மனைவியையும் மகளையும் நம்ப மாட்டார்.

கட்டண உயர்வைப் பற்றிப் பேசக் குடியிருப்போர் சங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டது. மீட்டர் அக்கா மகளோடு கடைசி வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். வாசலில் பாதுகாப்புக்கு நின்றது ஏட்டுதான்.

மளிகைக்கடைக்காரர்தான் முதலில் எழுந்தார். "ஒரு ஃப்ரிட்ஜ் ஓட்டுறதுக்கே நாக்குத் தள்ளுது. இதுல நர்ஸு, போலீசுன்னு ஆளாளுக்குச் சம்பளம் ஏத்துன்னு கேட்டா அது யார் தலையில விழும்? நம்ம தலையிலதான்."

"சம்பளத்துலயா போகுது? போலீசுக்குப் புது ஜீப்பு வாங்குறாங்களே, அதக் கேளுங்க" என்றார் ஓய்வு பெற்ற வாத்தியார்.

தையற்கடைக்காரி விருட்டென்று எழுந்தாள். "ஏன் சார், போலீஸ் வேணாமா? என் கடைப் பூட்ட ரெண்டு தடவ உடைச்சுட்டானுங்க. நீங்க வந்து காவல் இருப்பீங்களா?"

ஒவ்வொருவர் சொன்னதும் மீட்டர் அக்காவுக்கு நியாயமாகவே பட்டது.

அப்போது பாப்பா எழுந்தாள். "ஆறு வருஷமா எங்களுக்கு அதே சம்பளம். அறுபது பேர் இருக்குற வார்டுல ரெண்டே நர்ஸ். போன வருஷம் போலீசுக்கு ஏத்துனாங்க, அப்ப யாரும் கரண்ட் பில்ல இழுக்கல. எங்களுக்குன்னா மட்டும் கசக்குதா?"

கூட்டத்தில் பாதி கைதட்டியது. ஏட்டு தரையைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் தொப்பியைக் கழற்றிக்கொண்டே, "அத்தன பேரு முன்னாடி போலீசத்தான் சொல்லணுமா?" என்றார்.

"உங்கள சொல்லலப்பா."

"வாசல்ல நின்னது நான்தானே?"

மீட்டர் அக்கா எதையோ சொல்லிப் பேச்சை மாற்றினாள். பேச்சு மாறியது. அவர் முகம் மாறவில்லை.

அடுத்த மாதம் நர்ஸுகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். பதினோராம் நாள் சுகாதாரத் துறை அலுவலகத்துக்கு முன்னால் நடுரோட்டில் உட்காரப்போவதாக முடிவு. அவர்களை அப்புறப்படுத்தப் போகிறவர்களின் பட்டியலில் ஏட்டின் பெயரும் இருந்தது.

"காய்ச்சல்னு சொல்லி லீவு போட்டுருங்க" என்று மீட்டர் அக்கா கெஞ்சினாள்.

"நான் போகலேன்னா வேற எவனாவது போவான். நான் அங்க இருந்தா அவ மேல ஒரு அடி விழாது" என்றார் அவர். அதை அவர் மனதார நம்பினார்.

அடி விழவில்லை என்பதும் உண்மைதான். பெண்கள் கையோடு கை கோத்து உட்கார்ந்திருந்தார்கள். இளம் போலீஸ்காரன் ஒருவன் தடியை ஓங்கிக்கொண்டு பாப்பா இருந்த வரிசைப் பக்கம் திரும்பினான். ஏட்டு அவனை முந்திக்கொண்டு ஓடி மகளின் வலது கையைப் பிடித்தார். "எந்திரி பாப்பா, எந்திரிச்சிரு" என்று இழுத்தார். பக்கத்தில் இருந்த பெண் அவளை விடவில்லை. தடி பக்கத்தில் வந்துவிட்டது. அவர் பலங்கொண்ட மட்டும் இழுத்தார். தோள் கழன்ற சத்தம் அவர் காதில் விழுந்தது.

அந்த நேரத்தில் மீட்டர் அக்கா ஒரு வீட்டு வராந்தாவில் எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தாள். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. "அக்கா, இங்க வாங்களேன். இது உங்க பொண்ணு இல்ல?" என்று அந்த வீட்டுக்காரி கூப்பிட்டாள். மகளைத் தரையோடு இழுத்துக்கொண்டு போகிறவர் யார் என்பது மீட்டர் அக்காவுக்கு முதுகைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. போன மாதம் பில்லை முகத்தில் விட்டெறியாத குறையாகச் சண்டை போட்ட அந்த வீட்டுக்காரி, டிவியை அணைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

பாப்பா வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே அவளுக்கு ஆபரேஷன் நடந்தது. தோள் மூட்டு பொருந்தியது. ஆனால் கை நெஞ்சுக்கு மேலே எழும்பவில்லை, விரல்களிலும் பிடி குறைந்துபோயிற்று. நோயாளியைத் தூக்கி உட்கார வைக்க முடியாத நர்ஸை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒப்பந்தம் முடிந்ததும் அவளை மறுபடி எடுக்கவில்லை. வேலைநிறுத்தம் முடிந்து மூன்றாம் மாதம் நர்ஸுகளுக்குச் சம்பளம் கொஞ்சம் ஏறியது. அந்தப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. ஏறிய கட்டணம் ஏறியதுதான். சங்கத்தில் இன்னமும் அடித்துக்கொள்கிறார்கள்.

ஏட்டு முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டார். நடந்ததை மனைவியிடம் ஒரே ஒரு தடவை, தடியை ஓங்கியவன் முகம் முதற்கொண்டு சொன்னார். மகளிடம் சொல்ல வாய் வரவில்லை. மீட்டர் அக்காதான் போய்ச் சொன்னாள்.

பாப்பா பொறுமையாகக் கேட்டாள். "அவர் என்னைக் காப்பாத்தத்தான் இழுத்தாருன்னு எனக்கு அங்கயே தெரியும்மா. வேற எவனாவது பண்ணியிருந்தா திட்டித் தீத்திருப்பேன். இவர என்னன்னு திட்டுறது?" என்றாள். அந்த வாரமே வேறு ஊரில் ஒரு கிளினிக்கில் டோக்கன் எழுதுகிற வேலைக்குப் போய்விட்டாள். இடது கையால் எழுதப் பழகிக்கொண்டாள்.

மாதத்தில் ஒரு ஞாயிறு மீட்டர் அக்கா மகளைப் பார்க்கப் போகிறாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, சிக்கெடுத்து, ஒரு வாரம் கலையாதபடி இறுக்கிப் பின்னிவிடுகிறாள். மகளின் கைக்கு எட்டாத வேலை அது. ஏட்டும் கூடவே பஸ்ஸில் வருவார். மகளின் மாடி அறைக்கு எதிர்ச்சாரியில் இறங்கி அங்கேயே நின்றுவிடுவார். அவர் வந்திருப்பதை மீட்டர் அக்கா சொன்னதில்லை. மகள் கேட்டதும் இல்லை.

போன தடவை பின்னல் பாதியில் இருக்கும்போது பாப்பா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "ஏம்மா, அவர் ஏன் வெயில்ல நிக்குறாரு?" என்றாள்.

மீட்டர் அக்கா பின்னலைப் பிடித்தபடியே எட்டிப் பார்த்தாள். "மேல வரச் சொல்லவா பாப்பா?"

பாப்பா இடது கையால் ஜன்னல் திரையை இன்னும் கொஞ்சம் விலக்கினாள். பிறகு, "வேணாம்மா. நிழல்ல நிக்கச் சொல்லு" என்றாள்.

மீட்டர் அக்கா இறங்கிப் போய் அப்படியே சொன்னாள். ஏட்டு, "அவளா சொன்னா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு மூடியிருந்த ஒரு கடையின் சுவரோரமாய் நகர்ந்து, முதுகு சுவரில் படும்படி நிழலுக்குள் நின்றுகொண்டார்.