காவலாளி அறை மணி

குடிநீர் அலுவலகத்தில், மண்ணுக்கடியில் ஓடும் குழாய்களை வரைபடமாக்குவது அவள் வேலை. எந்தத் தெருவில் எந்தக் குழாய் எங்கே வளைகிறது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வாள். தன் உடம்புக்குள் நடப்பதை மட்டும் யாரிடமும் சொல்லமாட்டாள். சில மதியங்களில் அவளுக்குச் சர்க்கரை சடாரென்று இறங்கிவிடும். தெரிந்தால் வேலையை விடச் சொல்வார்களோ என்ற பயத்தில் கணவனிடம்கூடப் பூசி மெழுகிவந்தாள்.

ஒருமுறை கண் செருகி மேசையிலேயே சாய்ந்துவிட்டாள். அப்போது அறையில் இருந்தவர் கணினிகளைக் கவனித்துவந்தவர் ஒருவர்தான். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை வராது என்பதால் அலுவலகமே அவரை ஊமைக்கோட்டான் என்றுதான் கூப்பிடும். அவர் சர்க்கரைத் தண்ணீர் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தார். தெளிந்ததும், வெளியே மூச்சுவிடக் கூடாது என்று அவள் கெஞ்சினாள். அவர் தலையை ஆட்டினார். பிறகு அந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை. போன மழைக்காலத்தில் மாரடைப்பு வந்து போய்ச்சேர்ந்தார்.

அவள் கணினியில் அவர் போட்டுவைத்த லினக்ஸ் இயங்குதளம் பழசாகிவிட்டது. வரைபட மென்பொருளின் புதுப் பதிப்பு அதில் ஏறவில்லை. லினக்ஸில் எத்தனையோ வகை இருக்கிறதே, வேறொன்றைப் பார்த்தால்தான் என்ன என்று ஒரு நாள் காலை அவளே துணிந்தாள். பழையதை அழிக்காமல், பென்டிரைவிலிருந்து புதியதை ஓட்டிப் பார்த்தாள். திரை பளிச்சென்று வந்தது. இழுத்த இழுப்புக்கு வரைபடம் வழுக்கிக்கொண்டு போனது.

நெடுநேரம் கழித்துக் காவலாளி மூச்சிரைக்க வந்து நின்றார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று பார்க்க வந்ததாகச் சொல்லிவிட்டுப் போனார். கொஞ்சம் கழித்து மறுபடி வந்தார். இம்முறை ஃபேன் ஓடுகிறதா என்று சாக்கு. அடுத்த தடவை அவளுக்குப் பொறுக்கவில்லை.

“என்னண்ணே வேணும் உங்களுக்கு?”

“உங்களுக்கு ஒண்ணும் இல்லையேம்மா? மணி அடிச்சுக்கிட்டே இருக்கு.”

எந்த மணி என்று கேட்டதும் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஊமைக்கோட்டான் காவலாளி அறையில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டியிருந்தாராம். அவள் கை விசைப்பலகையிலோ மௌஸிலோ பட்டுக்கொண்டிருக்கும்வரை அது சும்மா இருக்கும். வெகுநேரம் படாவிட்டால் அடிக்கும். அடித்தால் ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். அவள் வெளியே போயிருந்தால் பொத்தானை அழுத்தி நிறுத்திவிடலாம்.

“ஏன்னு கேட்டேம்மா. சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்னாரு. அதுக்கு மேல நான் கேக்கல.”

காவலாளி ஏதாவது சாக்கு சொல்லி எட்டிப்பார்க்கும்போதெல்லாம், மோப்பம் பிடிக்கிற மனுஷன் என்று வீட்டில் திட்டியிருக்கிறாள். செத்துப்போனவர் ஒரு நிரலாக அந்தப் பழைய லினக்ஸுக்குள் உட்கார்ந்து, இத்தனை நாளாக அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். புதியதில் அவர் இல்லை. அதனால்தான் மணி ஓயவில்லை.

பென்டிரைவைப் பிடுங்கிப் போட்டுக் கணினியை மறுபடி தொடக்கினாள். பழைய திரை வந்தது. அதைத் தொடவே கை கூசியது. நன்றியில் அழுவதா, சொல்லாமல் கொள்ளாமல் வேவு பார்த்ததற்குக் கோபப்படுவதா என்று தெரியவில்லை. கோபித்துக்கொள்ள ஆளும் இல்லை.

அன்று சாயங்காலம் கணவனிடம் ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தாள். அவன் காலணியின் நாடாவை அவிழ்க்காமல் பிடித்தபடி கேட்டான்.

“விஷயம் காவலாளி வரைக்கும் போயிருக்கு. எனக்கு மட்டும் ஏன் தெரியல?”

மறுநாள் அவனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனான். மேலதிகாரியிடமும் அவளே சொன்னாள். பயந்த மாதிரி யாரும் வேலையை விடச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் புது லினக்ஸை நிரந்தரமாக ஏற்றினாள். பழையதிலிருந்து, மணிக்குச் செய்தி அனுப்பும் நிரலைத் தேடி எடுத்தாள். சில வரிகள்தான். அழிக்க மனம் வரவில்லை. வைத்துக்கொள்ளவும் நிம்மதியில்லை. கடைசியில் புதியதிலும் அதைப் போட்டு ஓடவிட்டாள். மணி அடங்கியது.

ஒரு மதியம், வேலை நடுவே, மணி அடிக்கட்டும் என்று கைகளை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தாள். உடம்புக்கு ஒன்றுமில்லை. வெகுநேரம் கழித்து நடைவழியில் செருப்புச் சத்தம் கேட்டது. காவலாளிதான் என்று தெரியும். ஆனாலும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சத்தம் வாசலில் வந்து நின்றது.

“இருக்கேன்,” என்றாள், திரையைப் பார்த்தபடியே.