தாடையில் கேட்ட கிட்டார்

அந்தக் கிட்டாருக்கு நான் வைத்திருந்த பெயர் பலகை. மற்ற கிட்டார்களுக்கு வயிறு இருக்கும், வயிற்றில் ஓட்டை இருக்கும், தட்டினால் ஒரு சத்தமாவது வரும். இது முழுக்க மரக்கட்டை. சிவப்புப் பெயின்ட், இரண்டு திருகு, கம்பிகளுக்கு அடியில் வரிசையாகக் காந்தம். தாம்பரத்தில் ஒரு மெல்லிசைக் குழு கலைந்தபோது என் வீட்டுக்காரர் அதை வாங்கி வந்தார். எலெக்ட்ரிக் கிட்டார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். "ஃபேனுக்கே கரண்ட்டு வர்ல, இதுக்கு எங்கேர்ந்து வரும்?" என்று கேட்டேன். சிரித்தார். அப்போது அவருக்குக் காது நன்றாகக் கேட்டது.

1991இல் நாங்கள் ஒரகடத்தைத் தாண்டி உள்ளே ஒரு கிராமத்தில் குடியிருந்தோம். இன்று அங்கே எங்கே திரும்பினாலும் கம்பெனி. அன்று அவர் சிங்கப்பெருமாள்கோயில் வரை சைக்கிளை மிதித்து, அங்கிருந்து பஸ் பிடித்து மறைமலை நகருக்குப் போக வேண்டும். பிரஸ் ஷாப்பில் வேலை. இரும்புத் தகட்டை வைத்தால் மேலிருந்து மெஷின் இறங்கி அடிக்கும். பத்துப் பன்னிரண்டு மெஷின்கள் நாள் முழுக்க அடிக்கும். அங்கே யாரும் வாயால் பேசுவதில்லை. தகடு தீர்ந்துவிட்டதென்றால் உள்ளங்கையைத் தட்டிக் காட்டுவார்கள். சூப்பர்வைசர் வருகிறார் என்றால் தோளைத் தொட்டுக் காட்டுவார்கள். டீக்குக் கட்டைவிரல். அதனால் அங்கே ஒருவனுக்குக் காது போனால் பக்கத்து மெஷின்காரனுக்குக்கூடத் தெரியாது. அவனுக்கே தெரிய நாளாகும்.

எங்கள் சபைக்காவது தெரிந்திருக்க வேண்டும். ஞாயிறு ஆராதனையில் கிட்டார் வாசிக்க அவருக்கு ஆசை. அதற்கென்று தனி ஆம்ப்ளிஃபையர் உண்டு என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற மைக் செட்டிலேயே வயரைச் செருகிவிட்டார்கள். குழாய் ஸ்பீக்கரில் வந்த சத்தம் தகரத்தை ஆணியால் கீறியது மாதிரி இருந்தது. போதாததற்கு, வாரத்துக்கு வாரம் அவர் திருகைத் திருப்பிச் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனார். பெண்கள் வரிசையில் முக்காட்டுக்குள் காதைப் பொத்திக்கொண்டோம். கீர்த்தனை முடிந்த பிறகும் அவர் மட்டும் ஒரு அடி வாசித்துக்கொண்டிருப்பார். கிட்டார் சரியில்லை என்று சபை முழுக்க ஒரே முடிவுக்கு வந்தது. வாசிக்கிறவருக்கு என்ன என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. போதகர் நல்ல மனிதர், பக்குவமாகத்தான் சொன்னார்: "கொஞ்ச நாள் இதை வீட்டுலயே வச்சு வாசிங்க தம்பி. ஆராதனைக்கு ஆர்மோனியம் போதும்." பழைய புடவையில் சுற்றிப் பலகையைப் பரணில் போட்டேன். எனக்கு உள்ளூர சந்தோஷம்.

வீட்டில் எனக்கு வேறு கோபம். சோற்றைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டால் வர மாட்டார். நான் ஒன்று கேட்டால் அவர் ஒன்று சொல்வார். கம்பெனிக்குப் போகிற திமிர் என்று நினைத்தேன். "செவுத்துகிட்ட பேசினாலும் ஒரு பதிலு வரும்" என்று முதுகுக்குப் பின்னால் திட்டியிருக்கிறேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காததில் கோபம் இன்னும் ஏறும்.

மழைக்காலத்தில் ஒரு பகல். அவருக்கு ராத்திரி ஷிஃப்ட் என்பதால் வீட்டில் இருந்தார். தூளியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நான் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன். திரும்பும்போது தெருமுனையிலேயே குழந்தை அலறுவது கேட்டது. குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். தூளியில் குழந்தை மூச்சு முட்டக் கத்திக்கொண்டிருக்கிறது. இரண்டு முழம் தள்ளி, தூளிக்கு முதுகைக் காட்டி அவர் உட்கார்ந்திருக்கிறார். மடியில் பலகை. அதன் விளிம்பில் தாடையை அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு கம்பியை மீட்டிக்கொண்டிருக்கிறார். கரண்ட் இல்லை. வயரும் செருகவில்லை.

குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையால் கிட்டாரைப் பிடுங்கினேன். "யோவ், கொயந்த தொண்ட கிழிய கத்திக்கினு கீது, நீ இன்னா கட்டைய கட்டிக்கினு குந்திகினு கீற?" என்றேன். அவர் குழந்தையின் முகத்தைப் பார்த்தார். திறந்திருந்த அதன் வாயைப் பார்த்தார்.

"அழுதுச்சா?" என்றார். "எவ்ளோ நேரமா?"

எதிரே உட்கார்ந்து, வாயை நன்றாக அசைத்து, எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். "ரெண்டு வருசம் இருக்கும்மே. வெளிய சொன்னா கம்பெனில தூக்கிடுவாங்க" என்றார். பிறகு தரையில் கிடந்த கிட்டாரைக் காட்டி, வெட்கப்பட்டுக்கொண்டே, "இது மட்டும் நல்லா கேக்குது. காதால இல்ல, எலும்பால. வச்சிப் பாரு" என்றார்.

வைத்துப் பார்த்தேன். அவர் தடித்த கம்பியை ஒரே ஒரு தரம் தட்டினார். மண்டைக்குள் அந்தச் சத்தம் எழுந்து, இரண்டு மூச்சு விட்ட பிறகும் குறையாமல் நின்றது. தலையை எடுத்தால் கொசு பறக்கிற அளவுதான். வைத்தால் ஆலயம் நிறைகிற சத்தம். வயிறில்லாத அந்தக் கட்டை அத்தனையையும் வெளியே விடாமல் தனக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறது. நான் அதைப் பழித்ததெல்லாம் நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது. அதன் பிறகு குழந்தை தூங்கும் நேரங்களில் ஆளுக்கொரு பக்கம் தாடையை வைத்துக் கீர்த்தனைகளைக் கேட்டோம். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் அவ்வளவு நெருங்கி உட்கார்ந்தது அந்த மாதங்களில்தான்.

கம்பெனியில் மெடிக்கல் செக்கப் வந்தது. காதையும் பார்ப்பார்கள் என்று தெரிந்ததும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. தேறாவிட்டால் வேறு வேலைக்கு மாற்றுவார்களா, வீட்டுக்கே அனுப்புவார்களா என்று தெரியாது. நான் முழங்கால்போட்டு ஜெபித்தேன். டாக்டர் ஒரு இரும்புக் கவையைத் தட்டி அதிரவிட்டு, காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்து, கேட்கிறதா என்று கேட்டாராம். அவர் எதிரே நின்று கேட்டதால் இவர் உதட்டைப் படித்துவிட்டார். எலும்போ கிட்டாரில் பழகிய எலும்பு. கேக்குது, கேக்குது, நின்னுடுச்சு என்று சரியாகச் சொல்லியிருக்கிறார். வெளியே வரிசை நீண்டிருந்தது. வேறு எதையும் பார்க்காமல் டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அந்த ஞாயிறு நான் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டேன். கவரின் மேல் காரணத்தை எழுதிக் கொடுத்தால் போதகர் அதைச் சபை முன்பாகப் படிப்பது எங்கள் வழக்கம். 'கணவரின் வேலையில் தேவன் செய்த நன்மைக்காக' என்று எழுதினேன். சபை ஆமென் சொன்னது. நானும் சத்தமாகச் சொன்னேன். அவர் தேறாமல் போயிருந்தால் அந்த மெஷின்களிடமிருந்து தப்பியிருப்பார் என்பது எனக்கு அன்று தோன்றவே இல்லை. தோன்றியது என்று இப்போது சொன்னால் அது பொய். எனக்குச் சம்பளம் வேண்டியிருந்தது. கிடைத்தது, நன்றி சொன்னேன்.

அதற்குப் பிறகு அவர் ஓவர்டைமும் சேர்த்துப் பார்த்தார். அடுத்த வருஷம் ஒரு மத்தியானம், வழக்கம்போலக் கிட்டாரை மடியில் வைத்துத் தடித்த கம்பியைத் தட்டினார். மறுபடியும் தட்டினார். இடத்தை மாற்றி, பல்லால் கடித்துக்கொண்டும் தட்டிப் பார்த்தார்.

"ஸ்ட்ரிங்கு செத்துப் போச்சுமே. ஆட்டம் மட்டும் கீது, சத்தம் வர்ல" என்றார்.

மறுபக்கம் என் தாடை இருந்தது. அதே சத்தம் குறையாமல் எனக்குள் நின்றுகொண்டிருந்தது.

மெட்ராஸுக்குப் போய் ஒரு செட் புதுக் கம்பி வாங்கி வந்தேன். ஒவ்வொன்றாகக் கட்டி முறுக்கினார். தட்டினார். தாடையை இன்னும் அழுத்தினார். மர விளிம்பு பதிந்து கன்னம் சிவந்துபோனது.

"இதுவும் டூப்ளிகேட்டு" என்றார். "உன்ன ஏமாத்திட்டான்."

அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க" என்றேன். "கடக்காரன் ஏமாத்திட்டான்."