அழுதுரு ராசா

பிள்ளைகளே, போன வாரம் சின்னவள், தோழி வீட்டில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வரட்டுமா என்று கேட்டாள். சாதாரணக் கேள்விதான். நான் பதில் சொல்லாமல் நாளைக் கடத்தினேன். "இதுக்குக்கூடவா யோசனை" என்று பெரியவன் சிரித்தான். யோசித்ததற்குக் காரணம் உண்டு. வாயால் சொன்னால் நடுவிலேயே எழுந்து போய்விடுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் ஊர் பள்ளங்கியில் பள்ளிக்கூடம் என்று ஒன்று இருந்தது. பஸ் வந்தால் வாத்தியார் வருவார். மழை பெய்தால் பஸ் வராது. கொடைக்கானலில் விடுதி உள்ள பள்ளியில் என்னைச் சேர்க்க வேண்டும் என்றார் அப்பா. எட்டு வயதுப் பிள்ளையை எப்படித் தனியாக விடுவது என்றாள் அம்மா. பேச்சு ஓயாமல் கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். டவுனில் இருந்த அத்தை வீட்டில் என்னை ஒரு ராத்திரி விட்டுப் பார்ப்பது. அழுதால் ஊரிலேயே இருக்கட்டும். அழாவிட்டால் விடுதி. சொல்லிவிட்டுச் செய்தால் அது சோதனையே இல்லை என்று, என்னிடம் மூச்சு விடக் கூடாதென அம்மாவிடம் அப்பா சத்தியம் வாங்கியிருந்தார்.

இதெல்லாம் வெகு காலம் கழித்து அத்தை சொல்லித் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது லாரியில் போகப் போகிறோம் என்பது மட்டும்தான்.

பூண்டு ஏற்றி வத்தலக்குண்டுக்குப் போகிற லாரி அது. அப்பா என்னை வழியில் அத்தை வீட்டில் இறக்கிவிட்டு, மறுநாள் திரும்பும்போது கூட்டிக்கொள்வார். கிளம்புகிற நேரத்தில் அம்மா என் ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுவிட்டாள். போட்டதைக் கழற்றி மறுபடியும் போட்டாள்.

"அழுகை வந்தா அழுதுரு ராசா. அடக்கிக்கிட்டுக் கெடக்காத."

"நான் ஏன் அழப்போறேன்? நான் என்ன தம்பியா?"

"அதுக்கில்லப்பா. வந்தா அழுதுரு. சத்தமாவே அழு. அத்தை ஒண்ணுஞ் சொல்லமாட்டாங்க."

"வெரசா வாடா, சோலி கெடக்கு" என்று லாரியிலிருந்து அப்பா கூப்பிட்டார். அம்மா என்னை மட்டம் தட்டுகிறாள் என்ற கோபத்தோடு ஏறினேன். கை காட்டக்கூட இல்லை.

அத்தையின் வீட்டுக்காரர் ஒரு பங்களாவில் சமையல் வேலை பார்த்தார். பங்களாவுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. மாமா கேலிக்காரர். "ஏலே மாப்ள, நீ வாரதுக்கு முந்தியே ஒன் பூண்டு வாசம் வந்து கதவத் தட்டிருச்சு" என்றார். ரொட்டியை வாட்டி ஜாம் தடவிக் கொடுத்தார். விளக்கை அணைக்கும்வரை சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

வந்த விருந்தாளிக்கு மரியாதை செய்வதாக நினைத்து, வீட்டில் இருந்த ஒரே கட்டிலை எனக்கு முன்னறையில் போட்டுக் கொடுத்துவிட்டு, அவர்கள் உள்ளே பாயில் படுத்துக்கொண்டார்கள். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எங்கள் வீட்டில் குளிருக்கு எல்லோரும் அடுப்படியில் வரிசையாகப் படுப்போம். தலைக்கு மேலே, புகையில் காய்வதற்காகக் கட்டித் தொங்கவிட்ட பூண்டுக் கொத்துகள். ஒரு பக்கம் அம்மாவின் முதுகு, மறுபக்கம் தம்பியின் முழங்கால். யார்மேலும் இடிக்காமல் புரள முடியாது. இந்தக் கட்டிலில் எந்தப் பக்கம் புரண்டாலும் ஆள் இல்லை.

ஸ்வெட்டர் கையை மூக்கோடு சேர்த்துப் பிடித்தேன். அதில் எங்கள் அடுப்படி மணத்தது. பிடித்திருக்கக் கூடாது, அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்தக் கம்பளி நூலையே பல்லால் கடித்துக்கொண்டேன்.

அத்தை ஒரு தரம் எழுந்து வந்தாள். "முழிச்சிருக்கியா? அம்மா நெனப்பு வந்துருச்சா?"

தூங்குவதுபோலக் கிடந்தேன். அப்போது அவள் என்னைத் தொட்டிருந்தால் எல்லாம் வேறுமாதிரி ஆகியிருக்கும். போர்வையை இழுத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் அப்பா வந்ததும் அத்தை சொன்னாள்: "கண்ணுல சொட்டுத் தண்ணி வரல தம்பி. கல்லு மாதிரி கெடந்தான் ஒம் மகன்." வழி நெடுக அப்பா அதையே டிரைவரிடம் சொல்லிக்கொண்டு வந்தார். நான் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன்.

வீட்டு வாசலிலேயே அம்மா கேட்டாள். "அழுதியா?"

"இல்ல."

"கொஞ்சங்கூட?"

"கொஞ்சங்கூட இல்ல."

அம்மா என் முகத்தையே பார்த்தாள். கடைசியில் "சரி" என்றாள். கெட்டிக்காரன் என்று சொல்லுவாள் எனக் காத்திருந்தேன். அவள் உள்ளே போய், தொங்கிய கொத்தில் இருந்து பூண்டைப் பிய்த்து எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். சோறு, குழம்பு எல்லாம் ஏற்கெனவே ஆக்கி இறக்கியிருந்தது. எதற்கு உரிக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. பாராட்டாததில் வருத்தப்பட்டு விளையாடப் போய்விட்டேன்.

ஜூனில் தகரப் பெட்டியோடு விடுதியில் சேர்ந்தேன். அங்கே பல ராத்திரிகள் அழுதேன். அது யார் கணக்கிலும் வரவில்லை. படிப்பும் பத்தாவதோடு நின்றுபோனது. அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். என் நல்லதுக்குத்தான் செய்தார். அழாத பிள்ளை தயாராகிவிட்டது என்று நினைத்தார், அவ்வளவுதான். நான் தோற்றுவிட வேண்டும் என்று ஊரில் ஒருத்தி விடிய விடிய வேண்டிக்கொண்டிருந்ததை, ஜெயித்துவிட்டுத் திரும்பிய எனக்கு யார் சொல்லுவார்கள்?

சின்னவளே, நேற்றுச் சாயந்தரம் நீ பையை மாட்டிக்கொண்டு நின்றபோது, "திரும்பி வரணும்னு தோணுச்சுன்னா போன் பண்ணும்மா, எந்நேரமானாலும் வந்துருவேன். யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க" என்றேன்.

"நான் என்ன பாப்பாவா?" என்று முறைத்துவிட்டுப் போனாய்.

நீ தெரு முனை திரும்பும்வரை வாசலில் நின்றேன். நீ கை காட்டவில்லை. வீட்டில் யாரும் இல்லை. ராத்திரிக்குச் சமையல் முடிந்து எல்லாம் மூடி வைத்திருந்தது. நான் அடுப்படியில் உட்கார்ந்து ஒரு பூண்டை எடுத்து உரித்தேன்.